காதைத் தொட்ட பிள்ளையும் தொடாத பிள்ளையும்

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இப்போதைய ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். நான் அங்கே பியூனாக இருந்தவன். மூன்றாம் வகுப்போடு நின்றவன். எனக்கு என்ன எழுதத் தெரியும் என்றேன். அவர்களில் சின்ன வயசுக்காரர் ஒருவர் விடவில்லை.

"தாத்தா, இப்போ மூணு வயசுலயே பிள்ளைய கான்வென்ட்டுல விடுதாங்க. அஞ்சு ஆகட்டும்னு இருந்தா பிந்திப்போயிரும்னு பயப்படுதாங்க. ஒங்க காலத்துல எப்படி? முந்திச் சேர்ந்தவன் நல்லா வந்தானா, பிந்திச் சேர்ந்தவன் நல்லா வந்தானா? நீங்க எவ்வளவு பேரைப் பாத்திருப்பீங்க" என்றார்.

இது எனக்குத் தெரிந்த விஷயம். ஆகையால் எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி அது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டாவது உலகச் சண்டைக்காலம். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. வேலையை யாரும் சொல்லித் தரவில்லை. மணி அடி, தண்ணீர் எடு, கூட்டு, கூப்பிட்டால் ஓடு. வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கூட்டி வா. இதெல்லாம் தானாகப் பழகிவிடும். பழகிச் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான் இருந்தது. வயசு பார்ப்பது.

அந்தக் காலத்தில் பிறந்த தேதி யாரிடமும் கிடையாது. "ஆடித் தபசுக்கு முந்தின வெள்ளிக்கிழமை", "எங்க செவலப்பசு கன்னு போட்ட அன்னைக்கு" என்பார்கள். அதை வைத்து எழுத முடியாது. அதனால் கையை வைத்துத்தான் கணக்கு. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயசு முடிந்தது. தொடாவிட்டால் முடியவில்லை.

கேட்க எளிது. செய்து பார்த்தால் தெரியும். பிள்ளையைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவேன். குதிகால் சுவரில் பட வேண்டும். தாடையை என் இடது கையால் பிடித்துக்கொள்வேன். பிடிக்காவிட்டால் கழுத்தைச் சாய்த்துக் காதைக் கைக்குக் கொண்டுவந்துவிடும். வீட்டில் வைத்து அப்படிப் பழக்கித்தான் கூட்டி வருவார்கள். சில அம்மாமார் பின்னால் நின்று முழங்கையை ஒரு தள்ளு தள்ளுவார்கள். "தள்ளாதீங்கம்மா, நீங்களா படிக்கப்போறீங்க" என்பேன். விரல் நுனி காதின் மேல் மடலில் படிய வேண்டும். முடியைத் தொட்டால் சேராது. படிந்துவிட்டால் நான் "பட்டுட்டு அய்யா" என்று சொல்வேன்.

மேஜையில் தலைமை ஆசிரியர் இருப்பார். ஊரில் பெரிய வாத்தியார் என்று பெயர். மூடின கோட்டு, நெற்றி நிறையத் திருநீறு. ஆசாரமானவர். பிள்ளைகள் மேலே இடித்துவிட்டால் வீட்டுக்குப் போனதும் குளித்துவிட்டுத்தான் அடுக்களைப் பக்கம் போவார் என்பார்கள். யாரிடமும் சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அது போதும். சேர்க்கை நடக்கும்போது அவர் வாயில் இரண்டே சொல்தான். "உண்டு." "அடுத்த வருஷம்." அதற்கு மேல் அழுதாலும் காலில் விழுந்தாலும் பேச்சில்லை.

தொட்ட பிள்ளைக்கு ஒரு பிறந்த தேதி எழுதுவார். எல்லாம் பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தை ஒட்டித்தான். எங்கள் ஊரில் அந்த வயசுக்காரர்களில் பாதிப் பேர் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள்.

இந்த முறையில் கோளாறு உண்டு. நீளக் கைக்காரன் நாலு வயசில் உள்ளே வந்துவிடுவான். ஜவுளிக்கடைக்காரர் மகன் ஒருவன் அப்படி வந்தான். மத்தியானம் ஆனால் தூங்கிவிடுவான். நான் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் போட்டுவிட்டு வருவேன். ஒன்றாம் வகுப்பிலேயே மறுபடியும் உட்கார்ந்தான். கடைசி வரைக்கும் தன்னை மக்கு என்றே நினைத்துக்கொண்டான். மக்கு இல்லை. சின்னப்பிள்ளை, அவ்வளவுதான். இன்னொருவன் கரிசக்காட்டுப் பையன், ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன். மீசை முளைக்காத குறைதான், அந்த வயசில் ஒன்றாம் வகுப்புக்கு வந்தான். வந்த வேகத்தில் வகுப்பு வகுப்பாகத் தாண்டினான். டபுள் புரமோஷன் என்பார்கள். ஒரு அறுப்புக்காலத்தில் ஆள் பற்றவில்லை என்று அவன் அப்பா வந்து கூட்டிப்போனார். திரும்பி வரவில்லை. பிந்தி வருகிற பிள்ளைக்குப் புத்தி குறைவாக இருக்காது. வீட்டுக்காரன் பொறுமைதான் குறைவாக இருக்கும். நானும் பிந்தி வந்தவன்தான். எனக்குத் தெரியும்.

இதெல்லாம் சும்மா சொன்னது. சொல்ல வந்தது மாடசாமியின் பிள்ளைகளைப் பற்றி.

மாடசாமி நெசவாளி. அவருக்கு இரட்டைப் பிள்ளை. பையன் சங்கரன், பெண் கோமதி. கோவிலில் இருக்கிற சாமி பெயரும் அம்மன் பெயரும்தான், எங்கள் ஊரில் இரட்டை பிறந்தால் வேறு பெயர் யோசிக்க மாட்டார்கள். சண்டை முடிந்த வருஷம் என்று நினைவு. பையனைச் சேர்க்க வந்தார். அவர் வீட்டு அம்மாள் இசக்கியம்மாள் பாவு வேலைக்குப் போயிருந்ததால் பெண்ணையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல காரியத்துக்கு முன்னால் சாமிக்குச் செய்துவிடுவோம் என்று கோவிலில் இரண்டுக்கும் மொட்டை போட்டுக் காதும் குத்தியிருந்தார். முந்தின நாள்தான். நாலு காதும் வீங்கிச் சிவந்து, மஞ்சள் அப்பியிருந்தது. காதைத் தொடுகிற பரீட்சைக்குக் காதைக் குத்திக் கூட்டி வந்த ஒரே ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பையனைச் சுவரோடு நிறுத்தினேன். கையைத் தூக்கினான். விரல் காதுப் பக்கம் போனதும் ஓவென்று கத்திக் கையை இழுத்துக்கொண்டான்.

"தொடுலே" என்றார் மாடசாமி.

"வலிக்கும்."

"சும்மா ஒரு தொடு. காராச்சேவு வாங்கித் தாரேன்."

"ஒங்க காதைக் குத்திட்டு நீங்க தொடுங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாடசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவன் பார்த்துச் செய்யட்டும் என்று நான் பெண்ணைக் கூப்பிட்டேன். "ஏட்டி, நீ வந்து தொட்டுக் காட்டு. ஒங்க அண்ணன் பாக்கட்டும்."

அவள் தானாக வந்து சுவரில் குதிகாலை ஒட்டி நின்றாள். இவ்வளவு நேரமும் வரிசையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். தாடையைப் பிடிக்கத் தேவை இருக்கவில்லை. கை தலைக்கு மேலே போனது. வீங்கின காதில் விரலை வைத்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்தது. சத்தம் வரவில்லை. எடுத்துவிடு தாயி என்றேன். எடுக்கவில்லை. பெரிய வாத்தியாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பழக்க தோஷத்தில் நானும் "பட்டுட்டு அய்யா" என்று சொல்லிவிட்டேன்.

"உண்டு. பேர் என்ன?" என்றார் அவர்.

மாடசாமி முன்னால் வந்தார். "அய்யா, நான் பையனைச் சேர்க்கல்லா வந்தேன்."

"பையன் தொடலையே."

"காது குத்தியிருக்குய்யா."

"அவளுக்குந்தான் குத்தியிருக்கு."

"ஆறினதும் கூட்டிட்டு வாரேன்யா."

"ஆறினாலும் கை வளராது. ஒரு விரக்கடை குறையுது, பாத்தேன். அவன் அடுத்த வருஷம்."

"பொட்டப்பிள்ளைக்கு என்னத்துக்குய்யா..."

பெரிய வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். மாடசாமி நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, "சரிய்யா. இந்த வருஷம் இவ வரட்டும். இடம் போயிராமக் கெடக்கும். அடுத்த வருஷம் இவளை நிறுத்திட்டு அவனை விடுதேன்" என்றார்.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கணக்கு. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார். பெரிய வாத்தியார் அவள் பெயரை எழுதினார்.

பையன் ஒரு வருஷம் வீட்டில் அப்பா தறிக்கு நூல் தார் சுற்றினான். மறு வருஷம் வந்தான். கை காதைத் தாண்டியே போனது. மாடசாமி பெண்ணின் பெயரை எடுக்கச் சொன்னார். பையன் வாசல் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அவ வந்தாத்தான் நான் போவேன்" என்றான். அடித்தும் பார்த்தார். தூணை விடவில்லை. "ரெண்டும் போகட்டும், துணைக்குத் துணை" என்றாள் இசக்கியம்மாள். இப்படியே ஒவ்வொரு வருஷமும் மாடசாமி நிறுத்த வருவார், ஏதாவது ஒன்று குறுக்கே வரும், திரும்பிப் போவார்.

இரண்டு பேரையும் நான் தினம் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன். சங்கரன் கெட்டிக்காரன். வகுப்பில் எல்லாரையும் விடக் கொஞ்சம் பெரியவன், பயம் கிடையாது, கணக்கில் முதல். ஒரு வருஷம் பிந்தியது அவனுக்கு நல்லதாகத்தான் போயிற்று. கோமதி நடுத்தரம். முக்கி முக்கிப் படிக்கிறவள். இரண்டு பேரையும் ஒரே வகுப்பில் போட்டிருந்தால் அவன் முன்னால் இருந்திருப்பான்.

ஆனால் பெண்பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் வேறு ஒரு கெடு இருந்தது. வயசுக்கு வந்த அன்றைக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு பெஞ்சு நிறைய இருப்பார்கள். எட்டுக்குப் போகும்போது பெஞ்சில் ஒருத்தி இருந்தால் அதிகம். பிள்ளையைக் கூப்பிட வீட்டுக்குப் போவேன். வாசல் பக்கம் பச்சை ஓலைக் குச்சில் தெரிந்தால் ஒன்றும் கேட்காமல் திரும்பிவிடுவேன். வயசுக்கு வந்த பிள்ளையைத் தாய்மாமன் கட்டின அந்த ஓலைக் குடிசைக்குள்தான் தனியாக இருத்துவார்கள். யாரும் தொடக் கூடாது. நாள் கழிந்து, குச்சிலை எரித்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் வீட்டுக்குள் விடுவார்கள்.

எட்டாம் வகுப்பு முடிவில் சர்க்கார் பரீட்சை. அதில் பாஸ் செய்தால் வாத்தியார் பயிற்சிக்குப் போகலாம், சம்பளம் வாங்கலாம். எட்டாவதைத் தொடாமல் நின்றால் ஏழு வருஷம் படித்ததும் ஒன்றுதான், படிக்காததும் ஒன்றுதான். ஐந்து வயசில் சேர்ந்த பெண் பரீட்சைக்கு வரும்போது அவளுக்குப் பதின்மூன்று. ஆறில், ஏழில் சேர்ந்தவளுக்கு அதற்கு மேல். பரீட்சை முந்துமா, மற்றது முந்துமா என்பதுதான் கேள்வி. படிப்பு, புத்தி எல்லாம் அதற்குப் பிறகு.

கோமதி எட்டாம் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டாள். சர்க்கார் பரீட்சைக்கு முந்தின வாரம் வரவில்லை. பெரிய வாத்தியார் என்னை அனுப்பினார்.

தெரு முனையிலேயே பச்சை ஓலை தெரிந்தது. திரும்பியிருப்பேன். குச்சிலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"அண்ணாச்சி, பெரிய வாத்தியார்ட்ட சொல்லுங்க. நான் எழுதுதேன்."

"ஏட்டி, சும்மா கெட" என்றார் மாடசாமி வீட்டுக்குள்ளேயிருந்து. வெளியே வந்தார். "பரமசிவம், அவ படிச்சது போதும்வே. அவன் அடுத்த வருஷம் எழுதுவாம்லா. வீட்டுக்கு ஒண்ணு போதும்."

நான் போய்ச் சொன்னேன். பெரிய வாத்தியார் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

மறுநாள் விடியற்காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்கு வந்தார். அவர் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. தெரு நீளத்துக்கும் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மாடசாமி, எதிர்ப்பக்கம் இசக்கியம்மாள், கையில் கஞ்சிப் புருசு. பாவைத் தாண்டக் கூடாது. பெரிய வாத்தியார் தெருவைச் சுற்றிக்கொண்டு மாடசாமி நின்ற பக்கம் வந்தார்.

"அய்யா, நீங்களா! ஆள் விட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"ஆள் விட்டேன். நீ வரலை."

"நிக்க முடியாதுய்யா. கஞ்சி காஞ்சிரும்."

"நீ வேலையைப் பாரு. நான் நடந்துகிட்டே பேசுதேன்."

கஞ்சி ஈரமாக இருக்கும்போது நெசவாளி பாவை விட்டு ஓட முடியாது. அதைத் தெரிந்துதான் அந்த நேரத்துக்கு வந்தாரோ என்னவோ. மாடசாமி புருசு போட்டுக்கொண்டே போக, கோட்டுப் போட்ட பெரிய வாத்தியார் கூடவே நடந்தார். தெரு முனை வரை போனார்கள், திரும்பி வந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது.

"எட்டு வருஷம் நடந்தாச்சு. வாசல்ல வந்து திரும்பணுமா?"

"நான் என்னய்யா செய்ய? குச்சிலுக்குள்ள இருக்கவ வெளிய வந்தா ஊர்க்காரன் என்ன சொல்லுவான்? எம் மச்சினன் என்ன சொல்லுவான்?"

"தள்ளி உக்காரட்டும். தனியா பெஞ்சு போடச் சொல்லுதேன்."

"பெஞ்சு இல்லய்யா, குச்சில். அதுக்குள்ளதான் இருக்கணும். நீங்களே ஆசாரம் பாக்கவுக. ஒங்க வீட்டுப் பிள்ளைய அனுப்புவேளா?"

பெரிய வாத்தியார் கோட்டு நுனி பாவில் படாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். எதிர்ப்பக்கம் இசக்கியம்மாள் புருசை நிறுத்தினாள்.

"அய்யா, ஒண்ணு கேக்கட்டா? குச்சிலுக்குள்ள இருக்கணும், சரி. குச்சில் எங்கன இருக்கணும்னு யாராவது சொல்லியிருக்காகளா?"

"என்னட்டி சொல்லுத?" என்றார் மாடசாமி.

"குச்சிலைப் பள்ளிக்கூடத்துல போட்டா என்னங்கேன். பகல்ல அதுக்குள்ள இருந்து எழுதட்டும். பொழுதடைய இங்கன இருக்கட்டும்."

பெரிய வாத்தியார் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். கோபம் என்று நினைத்தேன். துடைத்துப் போட்டுக்கொண்டு, "உண்டு" என்றார்.

"குச்சில் கட்டுத உரிமை எம் மச்சினனுக்குல்லா? அவன் சம்மதிக்கணும்" என்றார் மாடசாமி. அவன் சம்மதிக்க மாட்டான் என்ற தைரியத்தில் சொன்னார்.

என்னை அனுப்பினார்கள். மச்சினன் சுடலைமுத்துவுக்கு ஊர் ராயகிரி. பெரிய மீசை. சிவகிரி வரை பஸ், அங்கிருந்து நடை. தோட்டத்தில் கமலை இறைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மாட்டை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துலயா? எம் மருமவளுக்கா?"

"ஆமா அண்ணாச்சி."

"அங்கன எம்புட்டுப் பேரு பாப்பாவ?"

"பரீட்சை எழுத வாரவுக எல்லாரும். வெளியூர் அதிகாரியும் வாரார்."

"அதிகாரியுமா?"

"ஆமா."

மீசையைத் தடவினார். "அப்போ ஓலை நல்ல ஓலையா வெட்டணும்வே" என்றார்.

பரீட்சை அன்று வெயில் வருவதற்கு முன்னால் வண்டி நிறையப் பச்சை ஓலையோடு வந்து இறங்கினார். சீர்த்தட்டு வேறு. "சீரை எங்கனய்யா எறக்க?" என்று பெரிய வாத்தியாரைக் கேட்டார். "வீட்டுல எறக்கும். இங்கன ஓலை மட்டும்" என்றார் அவர்.

பரீட்சை அறையின் வாசலுக்கு நேரே, வராந்தாவில் இடம் காட்டினார். உள்ளே இருக்கிற அதிகாரிக்குத் தெரிய வேண்டும், அதனால் முன்பக்கம் அடைக்கக் கூடாது என்றார். சுடலைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"முன்பக்கம் இல்லாத குச்சில் எங்கனய்யா இருக்கு?"

"காப்பி அடிக்காளான்னு பாக்கணும்வே."

"எம் மருமவ காப்பி அடிப்பாளா? எங்க வம்சத்துல..."

"ஒங்க வம்சத்துல இதுக்கு முன்னால யாரும் பரீட்சை எழுதலை. எப்படித் தெரியும்? ஓலையைக் கட்டும்."

சுடலைமுத்து சிரித்துவிட்டார். கட்டினார்.

கோமதி வெளுத்த சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்தாள். பின்னால் இசக்கியம்மாள், கையில் வேப்பிலையும் ஒரு இரும்புத் துண்டும். மாடசாமி வரவில்லை. அதிகாரி வந்தார். வராந்தாவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"என்ன சார் இது, கல்யாணப் பந்தலா?"

பெரிய வாத்தியார் விஷயத்தைச் சொன்னார்.

"இப்படி ஒண்ணு விதியில இல்லையே."

"கூடாதுன்னும் இல்லையே."

அதிகாரி யோசித்தார். "என் கண்ணுக்குத் தெரியணும். பேச்சுக் கூடாது. யாரும் கிட்டப் போகக் கூடாது."

"அதத்தானய்யா நாங்களும் சொல்லுதோம்" என்றாள் இசக்கியம்மாள். "யாரும் கிட்டப் போகக் கூடாதுன்னு."

அதிகாரி உள்ளே போய் நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். பெல் அடித்தேன். கேள்வித்தாளைக் குச்சில் வாசலில் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி வந்தேன். அவள் எடுத்துக்கொண்டாள். தலை நிமிரவில்லை.

முடிந்ததும் தாளைத் தரையில் வைத்தாள். அதிகாரி குனிந்து பார்த்தார். எடுக்கவில்லை. தாளில் அங்கங்கே விரல் விரலாக மஞ்சள்.

"கறை படிஞ்சிருக்கே சார். அடையாளம் போட்ட தாள்னா மேல தள்ளிருவாங்க. நான் இதை வாங்க முடியாது."

இசக்கியம்மாள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோமதி குச்சிலுக்குள் குனிந்தபடி எழுந்து நின்றாள். "அய்யா, நான் வேணும்னு செய்யலை. கையக் கழுவுனேன். போகலை" என்றாள். காது குத்தின அன்றைக்குச் சத்தமில்லாமல் அழுதவள், இன்றைக்கு அழக்கூட இல்லை.

பெரிய வாத்தியார் குனிந்து அந்தத் தாளைக் கையால் எடுத்தார்.

"அய்யா, தீட்டு" என்றேன்.

"எழுதின தாளுக்குத் தீட்டுக் கெடையாது."

கொண்டுபோய் அதிகாரியின் மேஜையில் வைத்தார். "கறைதான், அடையாளம் இல்லைன்னு ஓரத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கீழ நானும் போடுதேன். தப்புன்னா ரெண்டு பேரையும் கேக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். உட்காரவில்லை. அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். "போடுதேன் சார். மேல என்ன சொல்லுவாங்களோ, அது என் கையில இல்லை" என்றார்.

மறுநாளிலிருந்து இசக்கியம்மாள் புளியங்குடி எலுமிச்சம்பழத்தால் அவள் விரலைத் தேய்த்துத் தேய்த்துத்தான் கூட்டி வந்தாள். மஞ்சள் போயிற்று. தோலும் கொஞ்சம் போயிற்று. முதல் நாள் தாள் மட்டும் கறையோடு போய்விட்டது. அது பாஸ் ஆகாவிட்டால் மற்றதெல்லாம் வீண். அவளுக்கு இன்னொரு தடவை கிடையாது. அடுத்த வருஷம் எழுதலாம் என்று பையனுக்குத்தான் சொல்வார்கள்.

கடைசி நாள் சுடலைமுத்து குச்சிலைப் பள்ளிக்கூட மைதானத்திலேயே எரிக்க வேண்டும் என்று நின்றார். கூரைக்குப் பக்கத்தில் தீ கூடாது என்று பெரிய வாத்தியார் சொல்லிவிட்டார். ஓலையை வண்டியில் ஏற்றிக் கொடுத்தேன். சர்க்கார் பரீட்சையிலேயே குச்சில் கட்டியவன் நான் என்று ராயகிரியில் அவர் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேள்வி.

இப்போது அந்தச் சின்ன வாத்தியார் கேட்டதற்கு வருகிறேன். சங்கரன் மறு வருஷம் எழுதினான். தங்கையை விட மார்க்கு அதிகம். மேலே படித்துச் சர்க்கார் ஆபீசில் சேர்ந்து பெரிய உத்தியோகத்துக்குப் போனான். கோமதி வாத்தியாரம்மாளாக இருந்தாள். அவள் சம்பளம் அவன் சம்பளத்தை ஒருநாளும் தொட்டதில்லை. இன்னொன்றும் உண்டு. பிந்திச் சேர்ந்ததால் பள்ளிக்கூடத்துக் கணக்கில் அவனுக்கு ஒரு வயசு குறைவு. ஒரே நாளில் பிறந்த இரண்டு பேரில் அவள் முதலில் ஓய்வு பெற்றாள், அவன் இன்னும் ஒரு வருஷம் சம்பளம் வாங்குகிறான். கணக்குப் போட்டால் பிந்தினவனுக்குத்தான் லாபம் என்று தோன்றும்.

அந்தக் கணக்கு தப்பு. அவளும் பிந்தியிருந்தால் அந்தப் பரீட்சை நடந்தபோது ஏழாம் வகுப்பில்தான் இருந்திருப்பாள். குச்சிலை எங்கே கொண்டுபோய்க் கட்டினாலும் பிரயோசனம் இருந்திருக்காது. அவனுக்கு ஒரு வருஷம் என்பது ஒரு வருஷம். அவளுக்கு அது முழு ஆயுசு. ஆகையால் எந்த வயசு நல்லது என்று என்னைக் கேட்டால், பிள்ளையைப் பார்க்காதே, அந்தப் பிள்ளையை வீட்டில் எது வந்து நிறுத்தும் என்று பார் என்பேன். அது வருவதற்கு முன்னால் முடிக்கிற மாதிரிச் சேர். நிறுத்த ஒன்றும் இல்லாத வீடு என்றால் நிதானமாகச் சேர்க்கலாம். தூங்குகிற பிள்ளையைத் தூக்கி வந்து உட்கார வைக்க வேண்டாம்.

ரிசல்ட் வந்த அன்று பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். நம்பரைக் காட்டினார். "பரமசிவம், போய்ச் சொல்லிட்டு வா" என்றார். அந்த வீட்டுக்கு நான் எத்தனையோ தடவை கூப்பிடப் போயிருக்கிறேன். சொல்லப் போனது அதுதான் முதல்.

கோமதி தார் சுற்றிக்கொண்டிருந்தாள். இசக்கியம்மாள் அடுப்படியில். மாடசாமி தறிக் குழியில் இருந்தார். தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது என்று வாசலில் நின்று உரக்கச் சொன்னேன்.

"பாஸ்."

அவள் கை நிற்கவில்லை. கையிலிருந்த தார் முடிகிற வரைக்கும் ராட்டையைச் சுற்றினாள். பிறகு கேட்டாள்.

"கறைக்கு ஒண்ணும் சொல்லலையா அண்ணாச்சி?"

"ஒண்ணும் சொல்லலை தாயி."

தறிச் சத்தம் நின்றது. இசக்கியம்மாள் ஈரக்கையோடு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். மாடசாமி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அறுந்த இழை ஒன்றைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, நுனியைப் பல்லால் கடித்தார். அப்புறம் தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த வாத்தியார் படிப்புல சேர்க்கதுக்கு என்ன வயசு ஆகணும்னு பெரிய வாத்தியார்ட்டக் கேட்டுட்டு வாரும்."